மன்னிப்புக் கேட்பதற்கு முன் படத்தை மறுபடி பாருங்கள்

வணக்கம். குடியிருப்புச் சங்க இதழில் நீங்கள் வரைந்த கேலிச்சித்திரத்துக்காகச் செயலாளர் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இணைத்திருந்த படத்தை நிதானமாகப் பார்த்தேன். 'நீரைச் சேமிப்போம்' என்ற பலகையின் கீழ் அவர் பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அவருக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான். ஆனால் பின்னால் குடத்தோடு நிற்கும் வரிசையில் ஒருவர்கூட அவரைத் தடுக்கவில்லை. எல்லோரும் கைபேசியில் மூழ்கியிருக்கிறார்கள். நீங்கள் வைத்த குட்டு குடியிருப்போர் அனைவர் தலையிலும் விழுகிறது. கோபம் வந்த செயலாளர் அந்த வரிசையைப் பார்க்கவே இல்லை.

1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவை, எம்.எல்.ஏ.வை ஜேப்படித் திருடனுக்கும் மந்திரியை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டது. சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கண்டனம் வலுக்கவே சில நாட்களில் விடுவித்தார்கள். பிற்பாடு உயர் நீதிமன்றம் அந்தக் கைது தவறென்று கூறி 1000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அத்துணுக்கு அந்த வாரத்தோடு மறந்துபோயிருக்கும்.

ஒன்றில் மட்டும் நான் செயலாளர் பக்கம். அவருடைய தொந்தியை அவ்வளவு பெரிதாக வரைந்திருக்க வேண்டாம். தண்ணீர்ப் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்காக மட்டும் நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள். அப்படியே அந்த வரிசையையும் விரல் வைத்துக் காட்டுங்கள். படத்தை மட்டும் திரும்பப் பெறாதீர்கள்.