முசாஃபிரும் மிசாஃபிரும்

அன்புள்ள ஐயா,

மதரசாவில் அரபி படித்தவன் நான். அரபியில் முசாஃபிர் என்றால் பயணி. துருக்கித் தொடர்களிலோ விருந்தாளியை 'மிசாஃபிர்' என்கிறார்கள். நல்ல அரபிச் சொல்லை ஏன் இப்படிச் சிதைத்தார்கள்? எது சரியான பொருள்?

வாசகர், கீழக்கரை

அன்புள்ள தம்பி,

கதையை விட்டுவிட்டுச் சொல்லைக் கவனிக்கும் காது உங்களுக்கு இருக்கிறது. சந்தோஷம். ஆனால் 'சிதைத்தார்கள்' என்றதும் கோபம் வந்துவிட்டது. இன்னொரு வீட்டில் பிள்ளைகுட்டியோடு வாழும் சொல்லை, பிறந்த வீட்டு அகராதியை வைத்து விசாரிப்பது என்ன நியாயம்?

'மு' எப்படி 'மி' ஆனது என்பதெல்லாம் கிடக்கட்டும். மொராக்கோப் பயணி இப்னு பதூதாவின் பயணக் கதையைத்தான் இப்போது மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். 1330களில் அவர் அனதோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், சுற்றினார். இன்றைய தெனிஸ்லியின் கடைத்தெருவில் நுழைந்ததும் கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு கூட்டம் வந்து அவர்களோடு மல்லுக்கு நின்றது. சிலர் கத்தியையே உருவிவிட்டார்கள். இவருக்குத் துருக்கி தெரியாது. கொள்ளைக்காரர்கள் என்று நடுங்கிப்போனார். அரபி தெரிந்த ஒரு ஹாஜி வந்து சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டு கூட்டமும் 'அஹி' என்ற சகோதர அமைப்பினர். இவர் முதலில் யாருடைய தைக்காவில் (தங்குமடத்தில்) தங்குவது என்பதுதான் சண்டை! சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள். (மனிதர் பின்னால் மதுரைக்கும் வந்தார், அது வேறு கதை.)

அந்தத் தெருவில்தான் பொருள் மாறியது என்று சொல்ல வரவில்லை. ஆனால் குதிரைமேல் இருப்பவன் தன்னைப் பயணி என்கிறான், கடிவாளத்தைப் பிடித்தவனுக்கு அவனே விருந்தாளி. இதில் சிதைவு எங்கே வந்தது? பயணிக்குத் துருக்கியர் தங்கள் 'யோல்ஜு'வை வைத்துக்கொண்டார்கள். விருந்தாளிக்கு அரபியின் 'ளைஃப்' இருந்தும் முசாஃபிரைப் பிடித்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பவர் இன்றும் 'தன்ரி மிசாஃபிரி', கடவுளின் விருந்தாளி. 1932இல் மொழிச் சங்கம் அமைத்து அரபிச் சொற்களைக் களையெடுத்தார்கள். விருந்தாளிக்கு 'கொனுக்' என்ற துருக்கிச் சொல்லை முன்னுக்குத் தள்ளினார்கள். மிசாஃபிர் அசையவில்லை.

எது சரியா? கெய்ரோவில் ஒன்று, துருக்கியின் கோன்யாவில் மற்றொன்று. பயணத்தில் இருப்பதால் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் பயணிக்குத் துருக்கியரும் அதே வேரிலிருந்து வந்த 'செஃபெரி'யைத்தான் சொல்கிறார்கள், உங்கள் உஸ்தாதுக்கு மனக்குறை வேண்டாம்.

அப்புறம், தொடரில் 'பு செஃபெர்' என்று வந்தால் 'இந்தத் தடவை' என்று பொருள். அதுவும் பயணம் என்று பொருள்படும் உங்கள் அரபி 'சஃபர்'தான். அதையும் சிதைவு என்று எழுதினால் பதில் போடமாட்டேன்.