மேனேஜ்டு கேர் அனுபவம் இல்லை என்று யார் சொன்னது?

ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆறு வருடமாக மெட்-சர்ஜ் (பொது மருத்துவம், அறுவை சிகிச்சை) வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முதுகுவலி தாங்கவில்லை. நோயாளியின் சிகிச்சை, டிஸ்சார்ஜ் ஏற்பாடுகளை ஒருங்கிணைக்கும் கேஸ் மேனேஜர் வேலைக்குப் போகலாம் என்றால் எல்லா விளம்பரத்திலும் 'மேனேஜ்டு கேர் அனுபவம் 2 வருடம்' என்கிறார்கள். 1,800 டாலர் கட்டினால் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள். ஒரு டாலர்கூட.

அமெரிக்காவில் பணம் தரும் இன்சூரன்ஸ் நிறுவனமே எந்தச் சிகிச்சை, எத்தனை நாள், எந்த இடத்தில் என்பதிலும் தலையிடுகிறது. அதுதான் மேனேஜ்டு கேர். 1973-இல் இப்படி இயங்கும் எச்எம்ஓ இன்சூரன்ஸ் திட்டங்களுக்கான சட்டம் வந்தபின் வேரூன்றியது. அங்கே நர்ஸுக்கு என்ன வேலை? நோயாளியின் குறிப்புகளை இன்டர்குவல், எம்சிஜி போன்ற அளவுகோல்களோடு ஒப்பிட்டு, பொருந்தினால் அனுமதிப்பது. பொருந்தாவிட்டால் அங்குள்ள டாக்டருக்கு அனுப்புவது.

இதன் மறுமுனையில் நீங்கள் தினமும் நிற்கிறீர்கள். நிமோனியாவோடு ஒரு பாட்டி மூன்றாம் நாள் படுத்திருக்கிறார். "வசதியாக இருக்கிறார்" என்று நீங்கள் எழுதினால் அந்த நாளுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். "ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றினால் ரத்த ஆக்ஸிஜன் 86 சதவீதத்துக்கு இறங்குகிறது, 2 லிட்டர் தேவைப்படுகிறது" என்று எழுதினால் அந்த நாளுக்கு நியாயம் இருக்கிறது. அதே பாட்டிக்கு மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைத்தும், இன்சூரன்ஸ் அனுமதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் வராததால் திங்கள் வரை கட்டிலிலேயே கிடப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! வயிறு எரியும். அந்த அனுமதிக்காக போன் பிடித்து அலைந்திருந்தால் அதை ரெஸ்யூமேயில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் திட்டமிடல், மறுக்கப்பட்ட அனுமதிக்கு மேல்முறையீட்டுக் குறிப்பு தயாரித்தது, எல்லாமே கணக்கில் வரும்.

விளம்பரத்தில் 'பிரிஃபர்டு' (இருந்தால் நல்லது) என்றிருந்தால் தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள். 'ரெக்வயர்டு' (கட்டாயம்) என்றால், முதலில் உங்கள் மருத்துவமனையின் கேஸ் மேனேஜ்மென்ட் அல்லது யூட்டிலைசேஷன் ரெவ்யூ (சிகிச்சை தேவைதானா என்று பரிசீலிக்கும்) பிரிவில் பிஆர்என் ஷிப்டு, அதாவது தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் வேலை, கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குள் நுழைய பலருக்கு அதுதான் வாசல்.

இனி அந்தச் சான்றிதழ். இந்தத் துறையில் மதிப்புள்ளது சிசிஎம், அதாவது 'சர்டிஃபைடு கேஸ் மேனேஜர்'. நர்ஸ் லைசென்ஸ் மட்டும் போதாது. கேஸ் மேனேஜ்மென்ட் வேலை பார்த்திருந்தால்தான் தேர்வே எழுத முடியும். சிசிஎம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் இருந்தால் முழுநேரமாக 12 மாதம், அப்படி மேற்பார்வை இல்லாவிட்டால் 24 மாதம். மேற்பார்வையாளர் நல்லவர், இருபது வருட சர்வீஸ், ஆனால் சிசிஎம் இல்லை என்றால் 24 மாதம்தான். அதனால், வேலையில் சேரும் முன்பே அவரிடம் சிசிஎம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் மிச்சமாகும். அனுபவமே இல்லாமல் சிசிஎம் வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். ஏதோ பயிற்சித் தாளைத் தருவார்; அதைக் காட்டினால் யாரும் அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சில ஏஜென்டுகள் ரெஸ்யூமேயில் இல்லாத வேலையை எழுதச் சொல்வார்கள். நிறுவனம் பழைய இடத்துக்கு போன் போட்டு விசாரிக்கும். மாட்டினால் வேலை மட்டுமல்ல, லைசென்ஸே ஆபத்தில். லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்கு எத்தனை இரவு கண் விழித்தீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த ஷிப்டு முடிந்ததும் கேஸ் மேனேஜ்மென்ட் மேலாளரைப் போய்ப் பாருங்கள். பிஆர்என் இடம் காலியா, அங்கே சிசிஎம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.