‘குற்றவியல் நீதி அமைப்பில் சீர்திருத்தம்’ என்பது ஒரு மாணவருக்கு ஏற்ற ஆய்வுத் தலைப்பா?

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிப்பதாகவும், இந்தியக் குற்றவியல் நீதி அமைப்பின் சீர்திருத்தம் குறித்து ஆய்வேடு எழுத விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது, ஒரு பருவத்துக்குள் முடிக்க இயலுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஏறத்தாழ இதே தலைப்பைத்தான் நானும் முதலில் எழுதிக் கொடுத்தேன். என் நெறியாளர் அதைப் படித்துவிட்டு, ‘இதை எழுத ஓர் ஆணையம் வேண்டும், நீங்கள் ஒரே ஆள்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று கோபம்தான் வந்தது. ஒரே ஆளால் செய்யக்கூடியதும் ஆணையங்கள் செய்யாததுமான ஒரு வேலை உண்டு என்பது, ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் சில வாரங்கள் உட்கார்ந்த பிறகே எனக்குப் புரிந்தது. குற்ற வழக்குகளின் விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடைபெற வேண்டும் என்பது சட்டம் வகுத்த பொது விதி. ஆகவே மாணவர் ஒருவர் அமர்ந்து கவனிப்பதற்குத் தடையில்லை. முதல் நாளே கல்லூரிக் கடிதத்தைத் தலைமை எழுத்தரிடம் காட்டிவிட்டு, கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்துவிட்டால் போதும்.

முதல் வாரம் முழுவதும் சொற்களைக் கற்பதிலேயே கழிந்தது. வாய்தா (விசாரணைக்கு ஒத்திவைக்கும் தேதி), கட்டு (வழக்கின் கோப்பு), பிறழ் சாட்சி (முன்பு சொன்னதிலிருந்து மாறிப் பேசுபவர்) ஆகியவை ஓரளவு காதில் விழுந்தவைதாம். ஆனால் பாடநூலில் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று படித்துவிட்டுப் போன எனக்கு, வழக்குக் கட்டில் அவர் ‘எதிரி’ என்றே குறிக்கப்படுவது சற்று அதிர்ச்சியாக இருந்தது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதியாகக் கருதப்பட வேண்டியவருக்கு இப்படியொரு பெயர் எப்படி நிலைத்தது என்பதே தனி ஆய்வுக்குரிய கேள்வி. யாரேனும் எடுத்துச் செய்தால் மகிழ்வேன்.

நான் எடுத்துக்கொண்டது ஜாமீன். நீதிமன்ற வழக்கு விவரங்களை வெளியிடும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் கிடைத்த உத்தரவுகளிலிருந்து கைது செய்யப்பட்ட தேதியையும் ஜாமீன் வழங்கப்பட்ட தேதியையும் குறித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் ‘சிறையில் கழிந்த நாட்கள்’ என்று தலைப்பிட்டு, மிகுந்த பெருமிதத்துடன் ஓர் அட்டவணை தயாரித்தேன். அந்த அட்டவணை முழுவதும் தவறு என்பதை எனக்குக் காட்டியவர் நீதிமன்ற நடைகூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. மடியில் இருந்த நெகிழிப் பையில் குடும்ப அட்டை நகலும், யாரோ ஒருவருடைய வீட்டு வரி ரசீதும், புகைப்படங்களும் இருந்தன. ‘ஜாமீன் ஆர்டர் போட்டுப் பதினோரு நாளாகுது தம்பி. ரெண்டு பேர் கையெழுத்து கேக்குறாங்க. ஒருத்தர்தான் கிடைச்சிருக்காரு’ என்றார். அவருடைய கணவர் என் அட்டவணையில் பதினோரு நாட்களுக்கு முன்பே விடுதலையாகியிருந்தார்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உத்தரவு பிறப்பிக்கப்படும் நாளுக்கும் அது நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஆய்வுப்பொருளாகக் கொள்ளுங்கள். குற்றவியல் சட்டத்தின் எந்தப் பிரிவை எடுத்தாலும் இப்படியோர் இடைவெளி கிடைக்கும். நூலகத்தில் மட்டும் உட்கார்ந்தால் அது கண்ணில் படாது.

ஜாமீனைப் பொறுத்தவரை, இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்னும் கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர், அதாவது அவருக்காகப் பொறுப்பேற்பவர், கேட்கப்பட்டார். ஜாமீன் நிற்க முன்வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி நடுவர் ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடி, ஜாமீன்தாரர் இல்லாமல், அவரே எழுதிக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரிலேயே அவரை விடுவிக்கச் செய்தார். அடுத்த ஆண்டு, பீகார் சிறைகளில் விசாரணையின்றிக் கிடந்தவர்கள் தொடர்பான ஹுசைனாரா காத்தூன் வழக்கில், நீதிபதி பி.என். பகவதி பணத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட ஜாமீன் முறை ஏழைகளுக்கு எதிரானது என்று விரிவாக எழுதினார். அதற்குப் பிறகும் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்களே சான்று. ஜாமீன் உத்தரவின் மின்நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் கைதி வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் இலவசச் சட்ட உதவி வழங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் தாக்கல் செய்யப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உங்கள் மாவட்டத்தில் இந்த மூன்றில் எது நடக்கிறது என்று மட்டும் பார்த்தாலே ஓர் ஆய்வேடு தேறிவிடும்.

புள்ளிவிவரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2022 டிசம்பர் 31 நிலவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், வழக்கு இன்னும் முடியாத விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். எல்லா ஆய்வேடுகளும் இந்த எண்ணில்தான் தொடங்குகின்றன, என்னுடையதும் அப்படித்தான். ஆனால் இது ஒரு நாளில் எடுத்த தலைக்கணக்கு. ஒரு சிறைக்கு நாள்தோறும் ஒருவர் வந்து ஏழு நாள் இருந்துவிட்டுப் போகிறார், வாரத்துக்கு ஒருவர் வந்து ஓராண்டு இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எண்ணினாலும் குறுகிய காலக் கைதிகள் ஏழு பேரும் நீண்ட காலக் கைதிகள் ஐம்பத்திரண்டு பேரும் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் அந்த வாயிலைக் கடந்து உள்ளே போனவர்களை எண்ணினாலோ முதல் வகையினர் 365 பேர், இரண்டாம் வகையினர் 52 பேர். ‘கைதியின் சராசரிச் சிறைவாசம்’ என்று எழுதும்போது இந்த இரண்டில் எந்தக் கணக்கைச் சொல்கிறோம் என்று தெளிவுபடுத்தாவிட்டால், வாய்மொழித் தேர்வில் அந்த ஒரு வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்வோம்.

புதிய சட்டத்தை ஒட்டி எழுத விருப்பமானால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவைப் பாருங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகச் சிறையில் கழித்திருந்தால் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது அது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் இதில் அடங்கா. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஒரே சம்பவத்துக்கு நான்கு பிரிவுகளைச் சேர்த்துப் பதிவாகும் முதல் தகவல் அறிக்கைகளைப் பார்த்தவர்களுக்கு, இந்த விலக்கு எவ்வளவு பேரை வெளியே நிறுத்தக்கூடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மாணவர் ஆய்வால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற சலிப்பு இடையில் வரும், எனக்கும் வந்தது. 1961-இல் நியூயார்க்கில் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தில் கைதானவர்களை நேர்கண்டவர்கள் சட்டக் கல்லூரி மாணவர்கள். எத்தனை காலமாக இதே முகவரியில் இருக்கிறீர்கள், என்ன வேலை, உறவினர் யார் அருகில் இருக்கிறார்கள் என்பன போன்ற எளிய கேள்விகளைக் கேட்டு, விடைகளைச் சரிபார்த்து, பணம் கட்டாமல் விடக்கூடியவர்களை நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். அந்த அனுபவம் 1966-இல் அமெரிக்காவின் ஜாமீன் சீர்திருத்தச் சட்டத்துக்குத் துணைநின்றது. மேலே சொன்ன ஹுசைனாரா காத்தூன் தீர்ப்பிலும் அத்திட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. நம் நாட்டில், டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட மரண தண்டனை அறிக்கைக்காகச் சிறை சிறையாகச் சென்று கைதிகளிடம் பேசியவர்களில் பெரும் பகுதியினர் மாணவர்களே.

நேர்காணல் செய்வதாயின், குற்றம் நடந்ததா, எப்படி நடந்தது என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, மாணவரின் குறிப்பேட்டுக்கு அது கிடையாது. நாளை உங்களையே சாட்சியாக அழைத்தால் மறுக்க வழியிருக்காது. பெயர்களுக்குப் பதில் எண்களை இடுங்கள். பாலியல் குற்ற வழக்குகளிலும் சிறார் வழக்குகளிலும் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

ஒரு பருவம் போதுமா என்றால், ஒரே நீதிமன்றம், இரண்டு மாத உத்தரவுகள் என்று வரம்பிட்டுக்கொண்டால் போதும். பிணைப்பத்திரம் ஏற்கப்பட்ட தேதியை, நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குக் கட்டுகளிலிருந்தே குறித்துக்கொள்ளலாம். என் அட்டவணையை நான் திருத்தியது அப்படித்தான். கைதி சிறையிலிருந்து உண்மையில் வெளியேறிய தேதிக்கு, பெயர்களை நீக்கிய விவரம் போதும் என்று குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்புங்கள், அதையும் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். பதிலளிக்கச் சட்டம் முப்பது நாள் அவகாசம் தருகிறது. சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனையே வந்தது. பதில் உரிய காலத்துக்குள் வந்து சேர்ந்தது, ஆனால் அதற்குள் என் ஆய்வேடு பைண்டிங் முடிந்து துறை அலமாரிக்குப் போய்விட்டது.