கணினி கேள்வி–பதில்: ‘வேலை செய்யவில்லை’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுவிடுகிறது. ‘அவசரம், அப்டேட் வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று இணையத்தில் எழுதினேன். மூன்று நாளாகியும் ஒரே ஒருவர்தான், ‘என்ன பிழைச் செய்தி வருகிறது?’ என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் உதவ ஏன் தயங்குகிறார்கள்?

பதில்: அவர்கள் தயங்கவில்லை, சொல்வதற்கு அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அந்த ஒருவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு நீங்கள் பதில் எழுதினீர்களா என்பதுதான் கடிதத்தில் இல்லை.

அப்டேட் நிற்கும்போது திரையில் ஓர் எண் தோன்றும். அது 80070070 என்று முடிந்தால் வட்டில் இடம் போதவில்லை என்று பொருள்; 80070005 என்று முடிந்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். இரண்டையும் ‘வேலை செய்யவில்லை’ என்றே சொல்லலாம், ஆனால் மருந்து வேறு வேறு. ஆகவே அந்த எண்ணை ஓர் இலக்கமும் மாறாமல் எழுதுங்கள். செய்தி தனிப் பெட்டியாக வந்தால், அதன்மீது கிளிக் செய்து கன்ட்ரோல், சி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் முழு வாசகமும் நகலாகிவிடும். மொபைலில் சாய்வாக எடுத்த மங்கலான படத்தைவிட இது எவ்வளவோ மேல். உதவுபவர் அதை அப்படியே தேடிப் பார்க்கலாம்.

அடுத்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் தெரியும் விண்டோஸ் பதிப்பையும், கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன்பு புதிதாக நிறுவியது அல்லது மாற்றியது எதுவோ அதையும், நீங்களே செய்து பார்த்தவற்றையும் அவற்றின் விளைவோடு எழுதுங்கள். உங்கள் கேள்வி இப்படி இருந்திருக்கலாம்:

‘விண்டோஸ் 11, 23எச்2 பதிப்பிலிருந்து 24எச்2க்கு அப்டேட் செய்யும்போது 80070070 என்று முடியும் பிழை வருகிறது. சி டிரைவில் 6 ஜிபிதான் மீதம். டிஸ்க் கிளீனப் செய்து, மறுதொடக்கமும் செய்துவிட்டேன். அதே எண் வருகிறது.’

இதைப் படிப்பவர், பெரிய கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றுங்கள் என்றோ, அப்டேட்டுக்கு வேண்டிய கூடுதல் இடத்துக்கு ஒரு யுஎஸ்பி டிரைவைச் செருகுங்கள் என்றோ ஒரே வரியில் சொல்லிவிடுவார். ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை. பதில் எழுதுபவர் தம் ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்.

இன்னொரு வழுக்கல் உண்டு. இடம் போதாத ஒருவர் அதைச் சொல்லாமல், ‘விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை எப்படி அழிப்பது?’ என்று கேட்பார். விண்டோஸின் சொந்தப் பாகங்கள் இருக்கும் அந்த ஃபோல்டரைக் கையால் அழித்தால் கணினி துவங்காமலே போகக்கூடும். அவருக்கு வேண்டியது இடம். கேட்டதோ தாமே ஊகித்துக்கொண்ட ஒரு வழி. நோக்கத்தை முதலில் எழுதுங்கள்; வைரஸாக இருக்குமோ என்பது போன்ற ஊகங்களை ஊகம் என்றே குறிப்பிட்டுக் கடைசியில் வையுங்கள். கோளாறு தீர்ந்ததும், எது தீர்த்தது என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள். அதே எண்ணைத் தேடி வரும் அடுத்தவருக்கு உங்கள் கேள்வியைவிட அந்த வரிதான் பயன்படும்.

கேள்வி: நான் உதவி கேட்டதும் ஒருவர் தனிச்செய்தியில் வந்து, ஒரு செயலியை நிறுவி அதில் வரும் குறியீட்டைக் கொடுத்தால் தாமே சரிசெய்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் குறியீட்டைக் கொடுத்து இணைப்பை அனுமதித்தால், உங்கள் விசைப்பலகையும் மவுஸும் அவர் கைக்குப் போய்விடும். பொதுவெளியிலேயே பதில் சொல்லும்படி கேளுங்கள். தவறான யோசனையைப் பார்ப்பவர்கள் அங்கே திருத்துவார்கள். கணினி தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகளை (லாக்) கேள்வியில் ஒட்டும்போதும் கவனம் தேவை: கோப்புப் பாதைகளில் யூசர்ஸ் என்ற சொல்லை அடுத்து உங்கள் பெயரே இருக்கலாம். அதையும், மின்னஞ்சல் முகவரி, புராடக்ட் கீ (விண்டோஸ் உரிமக் குறியீடு) ஆகியவற்றையும் நீக்கிவிட்டு ஒட்டுங்கள். பிழை எண்ணை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.