மாத்கவுன்ட்ஸ்: நாலு பேர் கூடிக் கணக்குச் செய்யும் போட்டி – கேள்வி பதில்

அமெரிக்காவில் தரம் 6 முதல் 8 வரையான பிள்ளைகளுக்கு நடக்கும் மாத்கவுன்ட்ஸ் போட்டியைப் பற்றி, வன்னிப் பக்கத்து ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கேட்டவை இவை.

சேர், இதை ஆர் தொடங்கினது? அரசாங்கமா? (ஆசிரியை, கிளிநொச்சி)

இல்லை ரீச்சர். 1983இல் தொழில்முறைப் பொறியியலாளர்களின் தேசியச் சங்கம், கணித ஆசிரியர்களின் தேசிய மன்றம், சிஎன்ஏ என்ற காப்புறுதி நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கின. பொறியியலாளருக்கு இதில் என்ன அக்கறை என்றால், இந்த வயதில் கணக்கைக் கைவிடுகிற பிள்ளை பிறகு அவர்கள் பக்கம் வரப்போவதில்லை. ஊரூராக இருந்த அவர்களின் கிளைகள் கீழ்மட்டப் போட்டிகளைப் பொறுப்பெடுத்தன. அதனால்தான் பாடசாலைக்கு அடுத்த படிக்குக் கிளைப் போட்டி என்று பெயர். எங்கள் தமிழ்மொழித் தினப் போட்டி கோட்டம், வலயம் என்று ஏறுவதுபோல அங்கே பாடசாலை, கிளை, மாநிலம், தேசியம். முதல் தேசியப் போட்டி 1984இல். கொரோனாவால் 2020இல் தேசியப் போட்டி நடக்கவில்லை. 2021இல் இணையவழியில் நடத்தினார்கள்.

என்ன மாதிரிக் கேள்வி வரும்? (தரம் 8 மாணவன், வவுனியா)

தம்பி, முதற் சுற்றில் 40 நிமிடத்தில் 30 கேள்வி, கல்குலேற்றர் இல்லை. அடுத்ததில் 8 கேள்வி, இரண்டிரண்டாகத் தருவார்கள், ஒரு சோடிக்கு 6 நிமிடம். மூன்றாவது குழுச் சுற்று: நாலு பேர், 10 கேள்வி, 20 நிமிடம். கடைசியில் மேடையில் மணி அடித்துப் பதில் சொல்லும் சுற்று, ஒரு கேள்விக்கு 45 செக்கன். சனம் கைதட்டிப் பார்ப்பது அதைத்தான். எனக்கென்றால் குழுச் சுற்றுத்தான் போட்டி.

எங்கட பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சரியான கெட்டி. அவனை வைச்சே வெல்லலாமா? (ஒரு தாய், மல்லாவி)

முடியாது அம்மா. தனியாள் புள்ளி 46க்கு: முதற் சுற்றில் கேள்விக்கு 1, இரண்டாவதில் கேள்விக்கு 2. நாலு பேரின் புள்ளியையும் கூட்டி நாலால் வகுப்பார்கள். பிறகு குழுச் சுற்றில் சரியான ஒவ்வொரு விடைக்கும் 2 புள்ளி சேரும். உங்கள் கெட்டிக்காரன் 40 எடுத்து மற்ற மூவரும் 16 எடுத்தால் சராசரி 22. நாலு பேரும் 26 எடுத்த குழு அங்கேயே 4 புள்ளி முன்னுக்கு நிற்கும். இந்தக் கணக்கை யோசித்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு. நாங்கள் ஒரு பிள்ளையைத் தெரிந்து, அதையே தீட்டித் தீட்டி எல்லாப் போட்டிக்கும் அனுப்புகிறோம். மிச்சப் பிள்ளைகள் பின்வாங்கில்.

நாலு பேர் தேறாவிட்டால்? (ஆசிரியர், ஒட்டுசுட்டான்)

மூன்று வகுப்பிலுமிருந்து கலந்து எடுக்கலாம். ஆள் குறைந்தாலும் வகுப்பது நாலால்தான், அதனால் எப்படியும் நாலு பேரைச் சேர்த்துவிடுங்கள்.

20 நிமிடத்துக்குள் நாலு பேரும் எப்படிப் பிரித்துச் செய்வது? (ஆசிரியை, புதுக்குடியிருப்பு)

பழைய வினாத்தாள் ஒன்றை மேசையில் வைத்துப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளை தாளைத் தன் பக்கம் இழுக்கும், மற்ற மூன்றும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். ஆளுக்கொரு பிரதி கொடுத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. முதல் எட்டையும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்து, விடையைப் பக்கத்துப் பிள்ளையிடம் சரிபார்க்கக் கொடுங்கள். கடைசி இரண்டையும் நாலு பேரும் சேர்ந்து பார்க்கட்டும். 1 முதல் 100 வரை எழுதினால் 7 என்ற இலக்கம் எத்தனை தரம் வரும் என்று கேட்டால், அவசரக்காரப் பிள்ளை 19 என்னும், 77ஐ ஒருதரம் எண்ணிவிட்டு. ஒன்றின் இடத்தில் 10, பத்தின் இடத்தில் 10, ஆக 20. இப்படிப் பிழைகள் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் கண்ணுக்குத்தான் படும்.

எங்கட பிள்ளைகள் போகலாமா? (ஒரு தகப்பன், மாங்குளம்)

அது அமெரிக்கப் பாடசாலைகளுக்கானது. ஆனால் பழைய வினாத்தாள்கள் மாத்கவுன்ட்ஸ் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டொலரை ரூபாயாக்கி, அங்குலத்தைச் சென்ரிமீற்றராக்கித் தமிழில் எழுதிக் கொடுங்கள். எண்ணிப் பார்க்கிற கணக்குகள் அதில் நிறைய. எங்கள் பிள்ளைகளுக்கு அது புதிது, முதல் மாதம் கொஞ்சம் திணறுவார்கள்.