பழைய தில்லியில் அக்காவுடன் ஒரு குளிர்காலப் பகல்

கேள்வி: குளிர்காலத்தில் ஒரு வரலாற்று நகரத்தைத் துணையுடன் நிதானமாகச் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன். ஒரே நாள்தான் இருக்கிறது. எங்கே, எப்படிச் செல்லலாம்?

ஒரே நாள் என்றால் தில்லி முழுவதையும் பார்க்க முயலாமல், ஷாஜகான் எழுப்பிய பழைய நகரத்தில் ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கும்பகோணத்திலிருந்து வந்த என் அக்காவை அழைத்துக்கொண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் அப்படித்தான் சென்றேன். செங்கோட்டையில் தொடங்கி ஃபதேபுரி மசூதியில் முடியும் சாந்தினி சௌக்கின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆகவே நடையின் வேகத்தை அவர்தான் தீர்மானித்தார். இத்தெருவுக்கு அந்த வேகமே பொருத்தமானது.

செங்கோட்டை அருகே உள்ள லால் கிலா மெட்ரோ நிலையத்தில் இறங்கியபோது பனிமூட்டம் கலைந்து இளவெயில் வந்திருந்தது. கோட்டைக்குள் நாங்கள் செல்லவில்லை. உள்ளே நுழைந்தால் அரை நாள் போய்விடும். தவிர, 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் உள்கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டதால், அந்த மதிலின் கம்பீரம் வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது என்பது என் கருத்து. எதிரே உள்ள திகம்பர ஜைனர்களின் லால் மந்திர் கோயில் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. புறாக்களும் கிளிகளும் உள்ளே தங்கிச் சிகிச்சை பெறுகின்றன. இறைச்சி உண்ணும் பருந்து முதலியவற்றுக்கு வெளிநோயாளிப் பிரிவு மட்டுமே. அக்கா அங்கே வெகுநேரம் நின்றுவிட்டார்.

குளிர்காலத்தில்தான் செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் ‘தௌலத் கி சாட்’ என்னும் இனிப்பு. பாலையும் பாலாடையையும் இரவில் திறந்த வெளியில் பனிபட வைத்து, விடிவதற்கு முன் கடைந்து, திரண்டு வரும் நுரையை மட்டும் வழித்தெடுத்து, குங்குமப்பூவும் கோவாவும் பொடித்த சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும் என்பதால் கோடையில் இது கிடையாது. குளிர்காலத்திலும் முற்பகலிலேயே தேடிச் சாப்பிட்டுவிடுவது நல்லது. தரீபா கலான் தெரு முனையில் நெய்யில் பொரிக்கும் தடித்த ஜிலேபியும் புகழ்பெற்றதுதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து உண்டால் அதன்பின் நடக்க இயலாது.

சற்றுத் தள்ளி சீஸ் கஞ்ச் குருத்வாரா. 1675இல் ஔரங்கசீப்பின் ஆணைப்படி சீக்கியர்களின் ஒன்பதாம் குருவான தேக் பகதூர் தலை துண்டிக்கப்பட்ட இடம் அது. அதை ஒட்டியிருக்கும் சிறிய சுனேரி மசூதியிலிருந்துதான் 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா நகர மக்களைக் கொன்று குவிக்க உத்தரவிட்டதாகச் சொல்வார்கள். இன்று அதன் கீழே கடைகள் நெருக்கியடித்து நிற்பதால், அண்ணாந்து பார்க்காதவர்கள் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள்.

பராட்டாக் கடைகள் வரிசையாக உள்ள சந்தில் மதிய உணவை முடித்தோம். இங்கே பராட்டாவைத் தோசைக்கல்லில் சுடுவதில்லை. வாணலியில் நெய் ஊற்றிப் பூரியைப் போலப் பொரித்தெடுக்கிறார்கள். முள்ளங்கியும் காலிஃபிளவரும் குளிர்காலத்தில் இளசாக வருவதால் அவை அடைத்த பராட்டாக்களையே கேளுங்கள். அந்தச் சந்து வழியாகவே ஜரிகைக் கரைகளும் கல்யாணச் சாமான்களும் விற்கும் கினாரி பஜாருக்குள் நுழையலாம். அங்கே நான் வெறும் வழித்துணையாகிவிட்டேன். பட்டுப்புடவை வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒரு கடையில் ஜரிகைக் கரையை விரலால் நெருடிப் பார்த்து, “இது டெஸ்டட் ஜரிகை, தம்பி. செம்பு இழை. வெள்ளி இல்லை” என்றார். நான் இந்தியில் எடுத்துச் சொன்னதும், வெள்ளி என்று தாம் எங்கே சொன்னோம் என்று கடைக்காரர் சிரித்துவிட்டு, உள்ளே இருந்து வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதன்பின் இருவருக்கும் என் மொழிபெயர்ப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பஜாரிலிருந்து பிரியும் நௌகரா என்ற முட்டுச்சந்தில் ஒன்பது பழைய ஜைனர் வீடுகள் வண்ணம் தீட்டிய முகப்புகளுடன் இருக்கின்றன. இரைச்சலிலிருந்து பத்தடி விலகினால் அப்படி ஓர் அமைதி கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இந்தத் தெருவைத் திட்டமிட்டவர் ஷாஜகானின் மகள் ஜகனாரா. நடுவே கால்வாய் ஓடியது. ஒரு குளமும், அதன் அருகே அவர் கட்டிய பெரிய சத்திரமும் இருந்தன. 1857க்குப் பிறகு சத்திரத்தை இடித்து, அந்த இடத்தில் ஆங்கிலேயர்கள் நகர மண்டபத்தைக் கட்டினார்கள். தெருவின் மறுகோடியில் ஷாஜகானின் மனைவியருள் ஒருவரான ஃபதேபுரி பேகம் 1650இல் எழுப்பிய மசூதியையும் விட்டுவைக்கவில்லை. அதை லாலா சுன்னாமல் என்ற வணிகருக்கு 19,000 ரூபாய்க்கு விற்றார்கள். பின்னர் 1877இல்தான் அது முஸ்லிம்களிடம் திரும்பியது. 1857 இந்நகரை எவ்வளவு புரட்டிப்போட்டது என்பதை அறிய, இத்தெருவிலிருந்து பிரியும் பல்லிமாரானில் உருதுக் கவிஞர் காலிப் வாழ்ந்த வீட்டுக்கும் செல்லலாம். அந்த அழிவைக் கண்ணால் கண்டு, 1869இல் மறைந்தவர் அவர். வீட்டில் சில அறைகளே எஞ்சியுள்ளன. பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடியில் இருவரும் இருமித் தீர்த்து, சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து ஜாமா மசூதிக்குத் திரும்பினோம். 1656இல் முடிந்த அந்த மசூதியைப் பிற்பகல் வெயிலில் பார்ப்பது நல்லது. கோடையின் வெம்மையில்லாமல், செம்மணற்கல் முற்றம் மிதமாகக் காய்ந்திருக்கும். தொழுகை நேரத்தில் பிற மதத்தினருக்கு அனுமதி இல்லை. எனவே நேரத்தை விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். திங்கட்கிழமை செங்கோட்டைக்கும் காலிப் வீட்டுக்கும் விடுமுறை. வெள்ளிக்கிழமை மசூதியில் கூட்டம் மிகுதி. நவம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதிவரை காற்று மாசு கடுமையாக இருக்கும் என்பதால், மூச்சுத் தொல்லை உள்ளவர் உடன் வந்தால் பிப்ரவரி முதல் பாதியில் ஒரு செவ்வாய், புதன் அல்லது வியாழனை வைத்துக்கொள்ளுங்கள்.