ஆனந்த குமாரசுவாமி: கனிம ஆய்வாளர் அருங்காட்சியகக் காப்பாட்சியரானது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, கலை அறிஞராகவே நாங்கள் அறிந்த ஆனந்த குமாரசுவாமி நிலவியல் படித்தவர் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். 1877இல் கொழும்பில், ஈழத்தமிழரான சர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயப் பெண்மணியான எலிசபெத் பீபிக்கும் பிறந்த அவர், இரண்டு வயது நிரம்புமுன்பே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வை இயக்குநராக நடத்தினார்.

கேள்வி: தோரியம் செறிந்த தோரியனைட் கனிமத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?

பதில்: கண்டெடுத்த பெருமை அவருடையது, ஆனால் 1904இல் அதை யுரேனியம் செறிந்த யுரேனினைட் கனிமம் என்றே அவர் எண்ணினார். அது வேறு கனிமம் என்று பகுப்பாய்வில் நிறுவியவர் ஆங்கிலேய வேதியியலாளர் வின்தம் டன்ஸ்டன்.

கேள்வி: பாறையை ஆராய்ந்தவர் கைவினையின் பக்கம் திரும்பக் காரணம் என்ன?

பதில்: அந்த வேலையேதான் காரணம். கனிமம் தேடி ஊர் ஊராகச் சென்றபோது, கண்டி நாட்டுக் கொல்லரும் தச்சரும் நெசவாளரும் ஆதரவிழந்து, தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருப்பதை நேரில் கண்டார். அதன் விளைவாக 1908இல் வந்ததே இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல். மனைவி எத்தெல் எடுத்த ஒளிப்படங்களுடன், ஆங்கிலேயக் கைவினை இயக்க முன்னோடி வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில், 425 படிகள் மட்டுமே அச்சிடப்பட்டன. கலைப்பொருளின் அழகோடு நின்றுவிடாமல், கைவினைஞரின் கருவிகள், செய்முறை, ஊழியத்துக்கு ஈடாக அவர்கள் பெற்ற நிலம் ஆகியவற்றையும் அந்நூல் பதிவுசெய்கிறது. கள ஆய்வில் பழகிய கண் அதில் பக்கந்தோறும் தெரிகிறது என்பது என் கருத்து.

கேள்வி: அவர் சேகரித்த ஓவியங்கள் பாஸ்டனுக்குப் போனது ஏன்?

பதில்: நினைக்கும்போதெல்லாம் என் மனம் வருந்தும் செய்தி இது. காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைந்தால் தம் சேகரிப்பைத் தந்துவிட அவர் முன்வந்தார், அம்முயற்சி கைகூடவில்லை. 1917இல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் டென்மன் ராஸ் அதன் பெரும்பகுதியை வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். குமாரசுவாமியும் அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாட்சியராகி, 1947இல் மறையும்வரை பணியாற்றினார். இராஜபுத்திர ஓவியம் முகலாய ஓவியத்தினின்றும் வேறான தனி மரபு என்று 1916இலேயே விரிவாக எழுதியவர் அவர்.

கேள்வி: நான் நிலவியல் மாணவி. இப்படிப்பு அருங்காட்சியகப் பணிக்கு உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும், மகளே. கிடைத்த இடம் குறிக்கப்படாத பாறை மாதிரியால் பெரும்பயன் இல்லை என்று உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். சிலைக்கும் அதே விதிதான். அமராவதிச் சிற்பத்தின் சுண்ணாம்புக்கல்லையும் காந்தாரச் சிற்பத்தின் சாம்பல் நிற ஷிஸ்ட் பாறையையும் பிரித்தறியத் தெரிந்தவர், ஊர்பேர் தெரியாத ஓர் உடைந்த துண்டைக் கையில் எடுத்தாலும் எந்தத் திசையில் தேடத் தொடங்கவேண்டும் என்பதை அறிந்திருப்பார்.